ஃபிரான்ஸ் லிஸ்ட்: கைத்தட்டலைத் துறந்த பிறகு

1847ஆம் ஆண்டு செப்டம்பரில், இன்றைய உக்ரைனில் இருக்கும் எலிசவெட்கிராத் என்னும் ஊரில் ஃபிரான்ஸ் லிஸ்ட் ஒரு கச்சேரி செய்தார். தன் வருமானத்துக்காக அவர் மேடையேறிப் பியானோ வாசித்தது அதுவே கடைசி. அப்போது அவருக்கு வயது 35. பியானோவில் அவருக்கு ஈடாக ஐரோப்பாவில் ஒருவருமில்லை என்பதை அவரைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பின் ஏறத்தாழ 39 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் பொதுமேடையில் வாசித்ததெல்லாம் ஏதேனும் ஒரு நற்காரியத்துக்காக அல்லது மற்றொருவருக்காக. தனக்கென்று ஒரு காசும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

லிஸ்டைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த 35 வயதுக்கு முந்தைய கதையிலேயே நின்றுவிடுகிறார்கள். மயங்கி விழுந்த பெண்கள், அறுந்த தந்திகள், ஊருக்கு ஊர் வரவேற்பு, காதல்கள் என்று அந்தக் கதைக்குச் சுவை அதிகம். நானும் முதலில் அந்த லிஸ்டைத்தான் அறிந்திருந்தேன். பூனையும் எலியும் பியானோவின் மேல் துரத்திக்கொள்ளும் கேலிச்சித்திரத்தில் ஒலிக்கும் இரண்டாம் ஹங்கேரிய ராப்சொடி வழியாக அவரிடம் வந்து சேர்ந்த கோடிக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகள் கேட்டுவந்த பிறகு இன்று எனக்கு முக்கியமாகத் தெரிவது மற்றொரு லிஸ்ட். கைத்தட்டல் என்பது எப்படி உண்டாகிறது, எந்த இடத்தில் எழும்புகிறது என்பதை அவரளவு அறிந்த கலைஞர் அந்த நூற்றாண்டில் இல்லை. அப்படி அறிந்தவர் தன் இசையிலிருந்து அதைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே போனார். அந்தப் பயணத்தைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

லிஸ்ட் 1811 அக்டோபர் 22 அன்று ரைடிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் அன்று ஹங்கேரி இராச்சியத்தைச் சேர்ந்தது. டொபொர்யான் என்பது அதன் ஹங்கேரியப் பெயர். இன்று ஆஸ்திரியாவின் புர்கன்லாந்து மாநிலத்தில் இருக்கிறது. தந்தை ஆதாம் லிஸ்ட், எஸ்டெர்ஹாசி பிரபுவின் பண்ணையில் ஆட்டுமந்தைகளின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆதாமுக்கு இசையில் தீராத ஆசை. பிரபுவின் அரண்மனை இசைக்குழுவில் செல்லோ வாசித்திருக்கிறார். ஹைடனையும் ஹும்மெலையும் அருகிலிருந்து பார்த்தவர். தனக்குக் கிட்டாத வாழ்வு மகனுக்குக் கிட்ட வேண்டும் என்று எண்ணிய அப்பாக்களின் வரிசையில் அவரும் ஒருவர். 1820இல் சோப்ரோனிலும் பிரஸ்பர்கிலும் மகனை மேடையேற்றினார். பிரஸ்பர்க் கச்சேரியைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர் சேர்ந்து, சிறுவனின் படிப்புக்காக ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 600 ஃப்ளோரின் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

குடும்பம் வியன்னாவுக்குப் பெயர்ந்தது. பெத்தோவனின் மாணவரான கார்ல் செர்னி சிறுவனுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தார். கட்டணம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. முதியவரான சாலியேரி இசையமைப்பின் இலக்கணத்தைக் கற்பித்தார். செர்னி காசு வாங்காமல் கற்பித்ததை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடனை லிஸ்ட் தன் வாழ்நாள் முழுவதும் தன் மாணவர்களிடத்தில் தீர்த்துக்கொண்டே இருந்தார்.

1823இல் பாரிஸ். அங்கிருந்த இசைக்கல்லூரி, வெளிநாட்டவர் என்று காரணம் காட்டி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அதன் தலைவர் கெருபினியோ இத்தாலியிலிருந்து வந்தவர். கல்லூரிக் கதவு சாத்தப்பட்டதால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. எரார் என்னும் பியானோ உற்பத்தியாளர்களின் ஆதரவு கிடைத்தது. எரார் அப்போது கண்டுபிடித்திருந்த புதிய இயங்குமுறையில், ஒரு கட்டை முழுவதும் மேலே எழும்புவதற்கு முன்பே அதை மீண்டும் அழுத்தி ஒலியெழுப்ப முடியும். ஒரே ஸ்வரத்தை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிப்பது அதனால் கைகூடியது. லிஸ்டின் விரல்களைப் பற்றி வியப்பவர்கள் அந்த விரல்களுக்கு ஈடுகொடுத்த கருவியையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

1827 ஆகஸ்டில் பூலோன் நகரில் தந்தை டைஃபாய்டு காய்ச்சலால் இறந்தார். பதினைந்து வயதில் தாயைக் காக்கும் பொறுப்பு பையன் தலையில் விழுந்தது. பாரிஸில் வீடு வீடாகச் சென்று பாடம் சொல்லிக்கொடுத்தார். மாணவியாக வந்த கரோலின் தெ சான்கிரிக் என்னும் அமைச்சரின் மகளிடம் காதல் கொண்டார். அமைச்சர் அவரை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடல் நலிந்து, மனம் ஒடிந்து, குருத்துவத்தில் சேர்ந்துவிடலாமா என்று எண்ணிக் கிடந்தார். 1828இல் ஒரு பாரிஸ் செய்தித்தாள் அவர் இறந்துவிட்டதாகவே செய்தி வெளியிட்டது.

அவரை எழுப்பியவை இரண்டு. ஒன்று 1830 ஜூலைப் புரட்சி. மற்றொன்று 1832 ஏப்ரலில் கேட்ட பாகனினியின் வயலின். அந்தக் கச்சேரிக்குப் பின் அவர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஹோமர், பைபிள், பிளேட்டோ, பைரன், ஹியூகோ ஆகியோரை ஒருபுறமும் பாக், பெத்தோவன், மோட்சார்ட், வெபர் ஆகியோரை மறுபுறமும் வைத்துக்கொண்டு வெறிபிடித்தவர்போல் படிப்பதாகவும், நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் விரல் பயிற்சி செய்வதாகவும் அதில் எழுதுகிறார். முறையான பள்ளிப்படிப்பு இல்லாத ஓர் இளைஞர், தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ள முனைந்த வேகம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பாகனினி வயலினில் செய்ததைப் பியானோவில் செய்ய வேண்டும் என்ற வெறியில்தான் பாகனினி எதூத்கள் என்னும் பயிற்சிப் படைப்புகள் பிறந்தன. மணியோசையை ஒத்த லா கம்பனெல்லா அவற்றில் ஒன்று.

இதன் பிறகு வரும் மரி தாகூ சீமாட்டியின் கதையை விரிவாக எழுதியவர்கள் பலர் உண்டு; நான் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1835இல் இருவரும் ஜெனீவா சென்று சேர்ந்து வாழ்ந்தார்கள். பிளாந்தின், கோசிமா, டேனியல் என்று மூன்று குழந்தைகள். சுவிட்சர்லாந்தின் மலைகளிலும் இத்தாலியின் ஓவியக்கூடங்களிலும் அலைந்த அந்த ஆண்டுகளின் பதிவுகள் பின்னாளில் ‘யாத்திரை ஆண்டுகள்’ என்ற பியானோத் தொகுப்புகளாயின.

1838 மார்ச்சில் டான்யூப் நதி பெருக்கெடுத்து, இன்று புடாபெஸ்டின் பகுதியாக இருக்கும் பெஸ்ட் நகரை மூழ்கடித்தது. வெனிஸில் இருந்த லிஸ்ட் அதைச் செய்தித்தாளில் படித்தார். உடனே வியன்னா சென்று வெள்ள நிவாரணத்துக்காகக் கச்சேரிகள் செய்தார். பெரும் தொகை திரண்டது. குழந்தையாக விட்டுவந்த நாட்டின் மேல் தனக்கு இத்தனை பாசம் இருப்பது தனக்கே அப்போதுதான் தெரிந்தது என்னும் பொருளில் எழுதியிருக்கிறார். அடுத்து, பான் நகரில் பெத்தோவனுக்குச் சிலை எழுப்பும் முயற்சி பணமின்றித் தள்ளாடியபோது, மீதித் தொகைக்குத் தானே பொறுப்பேற்றார். சிலை 1845 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அவருடைய பெரும் சுற்றுப்பயணங்கள் இவ்வாறு பிறருக்காகத் தொடங்கியவைதான். புகழ் அவற்றின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1839 முதல் 1847 வரை அவர் போகாத ஊர் ஐரோப்பாவில் குறைவு. லிஸ்பனிலிருந்து இஸ்தான்புல் வரை, டப்ளினிலிருந்து மாஸ்கோ வரை வாசித்தார். சுல்தான் அப்துல்மெஜிதின் முன்னிலையிலும் வாசித்தார். இன்று பியானோக் கச்சேரி என்றால் நம் கண்முன் வரும் காட்சியைப் பெருமளவுக்கு உருவாக்கியவர் அவர்தான். அதற்கு முன் ஒரு கச்சேரியில் பாடகர், வயலின்காரர், இசைக்குழு எனப் பலர் இருப்பார்கள். பியானோ அவற்றுள் ஓர் உருப்படி. மாலை முழுவதும் ஒருவரே தனியாக அமர்ந்து வாசிக்கலாம் என்று துணிந்தவர் லிஸ்ட். இசைத்தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசிப்பதையும், பியானோவை மேடையில் குறுக்குவாட்டில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு ஒலி அவையை நோக்கிப் பாயும்படி செய்வதையும் பெருவழக்காக்கியவரும் அவரே. 1841 டிசம்பர் முதல் 1842 மார்ச் தொடக்கம் வரை பெர்லினில் 10 வாரங்களில் 21 கச்சேரிகள்; அவற்றில் வாசித்த படைப்புகள் 80. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது ஆறு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் அவரை அனுப்பிவைத்தார்கள். இந்த மோகத்துக்குக் கவிஞர் ஹைன் 1844இல் ஒரு நோயின் பெயரைப் போலவே பெயர் சூட்டினார்.

அந்தக் காலத்தில் அவர் ஓபரா மெட்டுகளை விரித்து எழுதிய கற்பனைகளையும், வாசிப்புத் திறனின் எல்லையைச் சோதிக்கும் பயிற்சிகளையும் வெறும் வித்தை என்று ஒதுக்குவது வழக்கம். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. வானொலியோ இசைத்தட்டோ இல்லாத உலகில், ஒரு சிற்றூர்க்காரர் பெத்தோவனின் சிம்பொனியையோ ஷூபர்ட்டின் பாடலையோ கேட்க வாய்ப்பு மிகக் குறைவு. லிஸ்ட் பெத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பியானோவுக்குப் பெயர்த்தார். ஷூபர்ட்டின் பாடல்களை, பாக்கின் ஆர்கன் படைப்புகளை, பெர்லியோஸின் அற்புத சிம்பொனியைப் பெயர்த்தார். பெர்லியோஸின் சிம்பொனியைப் பற்றி இசையமைப்பாளர் ஷூமான் எழுதிய புகழ்பெற்ற விமர்சனம் லிஸ்டின் பியானோப் பிரதியைப் படித்து எழுதப்பட்டது. மூல இசைக்குழுப் பிரதி அப்போது அச்சாகியே இருக்கவில்லை. ஒரு மனிதரின் பத்து விரல்கள் வழியாக மற்றவர்களின் இசை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் உண்மை.

1847 பிப்ரவரியில் கீவ் நகரில் இளவரசி கரோலின் சைன்-விட்கென்ஸ்டைனைச் சந்தித்தார். பயணங்களை நிறுத்திவிட்டு எழுதுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். லிஸ்டின் மனத்திலும் அந்த எண்ணம் முன்னரே இருந்தது. 1848இல் வைமார் என்னும் சிறிய அரசவை நகரில் குடியேறி, அங்கிருந்த சிறிய இசைக்குழுவின் பொறுப்பை ஏற்றார். கதேயும் ஷில்லரும் வாழ்ந்த ஊர். அவர்கள் காலம் முடிந்து அரைத் தூக்கத்தில் கிடந்த ஊர். அதை 13 ஆண்டுகளில் புதிய இசையின் தலைநகராக ஆக்கினார்.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1849 மே மாத டிரெஸ்டன் கிளர்ச்சியில் ஈடுபட்டுத் தேடப்படும் குற்றவாளியானபோது, அவரை வைமாரில் வைத்துக் காத்து, சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச்செல்ல உதவியவர் லிஸ்ட். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, கதேயின் பிறந்தநாளில், வாக்னரின் லோஹன்கிரின் ஓபராவை வைமாரில் முதன்முதலாக மேடையேற்றினார். நாடு கடந்து வாழ்ந்த, அரசாங்கம் வலைவீசிக்கொண்டிருந்த ஒருவரின் படைப்பை ஓர் அரசவை அரங்கில் நடத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பாரிஸில் தோற்றுப்போன பெர்லியோஸின் பென்வெனுட்டோ செல்லினியை மீட்டெடுத்தார். ஷூபர்ட் இறந்து கால் நூற்றாண்டாகியும் ஒருமுறைகூட மேடையேறாத அவருடைய ஓபரா ஒன்றை 1854இல் நடத்தினார். இவற்றுக்கு நடுவே ஒரு கதையையோ கவிதையையோ இசைக்குழுவின் வழியே சொல்லும் தன் சிம்பொனிக் கவிதைகளில் பன்னிரண்டையும், ஃபவுஸ்ட் சிம்பொனியையும், தாந்தே சிம்பொனியையும் எழுதினார். ஃபவுஸ்ட் சிம்பொனியின் தொடக்க வரியில் பன்னிரு ஸ்வரஸ்தானங்களும் ஒன்று விடாமல் வந்துவிடுகின்றன. எது ஆதார ஸ்வரம் என்று காதுக்குப் பிடிபடாத அந்த இசை எழுதப்பட்டது 1854இல்.

வைமார் காலத்தின் உச்சமாக நான் கருதுவது பி மைனர் சொனாட்டா. கைப்பிரதியில் உள்ள தேதி 1853 பிப்ரவரி 2. ஏறத்தாழ அரை மணி நேரம் இடைவெளியின்றி ஒரே வீச்சில் செல்லும் பியானோப் படைப்பு. அதன் முதல் சில நொடிகளை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஜி என்னும் ஸ்வரம், மந்தத்தில், அதாவது கீழ் ஸ்தாயியில், தொண்டைக்குள்ளேயே அடங்கிய குரலில் இருமுறை ஒலிக்கிறது. பிறகு அங்கிருந்து ஓர் இறக்கம் மெல்லக் கீழே வருகிறது. மீண்டும் அதே ஜி. மீண்டும் ஓர் இறக்கம். ஆனால் இம்முறை ஸ்வரங்கள் வேறு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் ஜியை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பார்க்கலாம். முதல் இறக்கத்தின் ஸ்வரஸ்தானங்கள் தோடியின் அவரோகணத்துடன் அப்படியே பொருந்துகின்றன. இரண்டாவது இறக்கம் சிம்மேந்திரமத்யமத்தின் ஸ்வரஸ்தானங்கள். கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை, ஆகவே இவற்றை ராகம் என்று சொல்லிவிட முடியாது. லிஸ்டுக்கு நம் இசை தெரியும் என்று கதை கட்டவும் இடமில்லை. சிம்மேந்திரமத்யமத்தின் ஸ்வர வரிசைதான் ஐரோப்பியர்கள் ஹங்கேரிய மைனர் என்று அழைக்கும் வரிசை. ஹங்கேரியில் ரோமா என்னும் நாடோடி இனத்து இசைக்கலைஞர்களின் வாசிப்பில் அவர் சிறுவயதிலேயே கேட்டது. அவ்வளவே. ஆனாலும் அந்த இரண்டாம் இறக்கத்தில் பிரதி மத்யமம் வந்து விழும் இடத்தில், ஒவ்வொரு முறையும் என் காது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த இரு இறக்கங்களும் ஒரு சிறிய சீறலான வரியும் பல்லவி போன்ற சுத்தியடி வரி ஒன்றும்தான் மூலப்பொருள்கள். அவற்றையே உருமாற்றி உருமாற்றி அரை மணி நேரக் கட்டடத்தை எழுப்புகிறார். மிரட்டலாக வந்த சுத்தியடி வரி, சில நிமிடங்களுக்குப் பின் தாலாட்டைப் போன்ற மெல்லிசையாக வருகிறது. அதே ஸ்வரங்கள், வேறு காலப்பிரமாணம். முதல் முறை கேட்பவருக்கு இரண்டும் உறவென்று தெரியாது. தெரிந்த பிறகு மறக்க முடியாது.

இப்போது முடிவுக்கு வருகிறேன். இந்தச் சொனாட்டாவின் கைப்பிரதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதில் லிஸ்ட் முதலில் எழுதிய முடிவு வேறு. பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் உரத்த சுருதிக் கோவைகளாக, அரங்கையே எழுந்து நிற்கவைக்கும் முழக்கமாக எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, மெல்லிய சுருதிக் கோவைகள் மேலேறிச் செல்ல, அடிமட்டத்தில் ஒற்றை பி ஸ்வரம் ஒருமுறை மட்டும் தொட்டு விடப்படுகிற முடிவை எழுதினார். உரத்த முடிவை எழுதத் தெரியாதவர் மெல்லிய முடிவை எழுதினால் அதில் வியப்பில்லை. ஆறு வெள்ளைக் குதிரைகளைக் கண்ட கைகள் அந்தப் பக்கத்தை அடித்திருக்கின்றன. அவருடைய வாழ்க்கையைப் பற்றி நான் படித்த எந்தச் சம்பவமும் அந்த அடித்தலளவு அவரை எனக்குச் சொல்லவில்லை.

சொனாட்டாவை ஷூமானுக்குச் சமர்ப்பித்தார். அச்சுப்பிரதி 1854இல் போய்ச் சேர்ந்தபோது ஷூமான் மனநல விடுதியில் இருந்தார். அவர் மனைவியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமான் அதை வெற்றுக் கூச்சல் என்றும், இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கிறதே என்றும் நாட்குறிப்பில் எழுதினார். 1857 ஜனவரியில் பெர்லினில் லிஸ்டின் மாணவர் ஹான்ஸ் ஃபான் பியூலோ அதை முதன்முதலாகப் பொது அரங்கில் வாசித்தபோது விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், மாணவர் கொர்னேலியுஸின் ஓபராவுக்கு வைமார் அரங்கில் திட்டமிட்ட கூச்சல் எழுந்தது. லிஸ்ட் பதவியை விட்டு விலகினார்.

ஹங்கேரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிஸ்டுக்கு ஹங்கேரிய மொழி வராது. வீட்டில் ஜெர்மன், எழுதியதும் எண்ணியதும் பெரும்பாலும் பிரெஞ்சில். 1840 ஜனவரியில் பெஸ்ட் நகரின் தேசிய நாடக அரங்கில் அவருக்கு வீரவாள் பரிசளித்தபோது நன்றியுரையைப் பிரெஞ்சில்தான் நிகழ்த்தினார். மொழி தெரியாதவர் எப்படி எங்களவர் என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. ஆனால் 1849இல் ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டு, அக்டோபர் 6 அன்று பிரதமர் பாத்யானி சுட்டுக்கொல்லப்பட்டு, அதே நாளில் ஆராத் நகரில் 13 தளபதிகள் கொல்லப்பட்டபோது, அவர் எழுதிய ஃப்யூனெராய் என்னும் பியானோப் படைப்பைக் கேட்டவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ‘அக்டோபர் 1849’ என்பதையே துணைத்தலைப்பாக வைத்தார். மந்தத்தில் மணிகள் இடிபோல் முழங்கித் தொடங்குகிறது. நடுவில் ஓர் ஒப்பாரி. பிறகு இடக்கை மட்டும் படையின் குளம்பொலியாக வளர்ந்து வளர்ந்து, வெற்றியின் விளிம்புவரை சென்று, பட்டென்று அறுந்துபோகிறது. வெற்றி வரவில்லை என்பதை இசையே சொல்லிவிடுகிறது.

ஹங்கேரிய ராப்சொடிகள் 19. அவற்றில் 15 நடுவயதில் எழுதியவை; கடைசி நான்கு முதுமையில். மெதுவான லஷ்ஷான், வேகமான ஃபிரிஷ்கா என்ற இரு பகுதிகளும், சிம்பலோம் என்னும் தந்திக்கருவியின் அதிர்வுகளும் ரோமா இசைக்குழுக்களின் வாசிப்பிலிருந்து எடுத்துக்கொண்டவை. பதினோராம் ராப்சொடியின் தொடக்கத்தில், சிம்பலோமைப் போல் வாசிக்க வேண்டும் என்று அவரே குறித்திருக்கிறார். சிக்கல் 1859இல் வந்தது. ஹங்கேரிய இசை என்று அறியப்படுவதே ரோமாக்களின் படைப்புதான் என்று வாதிடும் நூல் ஒன்றை வெளியிட்டார். ரோமாக்கள் வாசித்தவற்றில் பெரும்பகுதி ஹங்கேரியர்களே இயற்றிய நகர்ப்புறப் பாடல்களும், படைக்கு ஆள்சேர்க்க ஆடிய வெர்புங்கோஷ் நடன இசையும். லிஸ்டின் வாதம் தவறு. நாடே கொதித்தது. 1881இல் வந்த இரண்டாம் பதிப்பில் யூதர்களுக்கு எதிரான நஞ்சு கலந்த பக்கங்கள் விரிவாக்கப்பட்டன. அது இளவரசி கரோலினின் கைவேலை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் தன் பெயரில் வந்த பக்கங்களை லிஸ்ட் வெளிப்படையாக மறுக்கவில்லை. அவர்மேல் பெருமதிப்பு கொண்ட எனக்கு, அந்த மௌனம் ஏற்கத்தக்கதாகப் படவில்லை.

இளவரசி கரோலினை மணப்பதற்காக 1861இல் ரோம் சென்றார். அவருடைய ஐம்பதாம் பிறந்தநாளில் சான் கார்லோ ஆலயத்தில் திருமணம் என்று முடிவாகியிருந்தது. முந்தைய இரவில் திருச்சபையிலிருந்து தடை வந்தது. திருமணம் நடக்கவேயில்லை. அதற்கு முன்பே, 1859இல் மகன் டேனியல் இருபது வயதில் இறந்திருந்தான். 1862இல் மூத்த மகள் பிளாந்தின், பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தாள். லிஸ்ட் ரோமுக்கு வெளியே மான்டே மாரியோ குன்றின் மடமொன்றில் ஓர் அறையில் தங்கினார். 1865இல் குருத்துவத்தின் கீழ்நிலைப் பட்டங்களை ஏற்று, கருப்பு அங்கி அணிந்தார். திருப்பலி நிறைவேற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் அன்று முதல் உலகம் அவரை அபே லிஸ்ட் என்று அழைத்தது. இதையும் நாடகம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. பதினேழு வயதில் மடத்துக்குப் போக ஏங்கிய பையனை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

1869 முதல் அவர் வாழ்க்கை ரோம், வைமார், புடாபெஸ்ட் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆண்டுதோறும் மூன்று ஊர்களுக்கும் இரயிலில் அலைந்தார். 1875 நவம்பரில் புடாபெஸ்டில் தொடங்கப்பட்ட இசைக் கல்விக்கழகத்துக்கு அவர் தலைவர், ஹங்கேரிய இசையமைப்பாளர் எர்கெல் இயக்குநர். தொடக்கத்தில் அது இயங்கியது லிஸ்டின் வாடகைக் குடியிருப்பிலேயே. பின்னர் கழகம் மாறிய கட்டடத்தில் அவருக்கென ஒதுக்கிய வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே அவருடைய எழுதுமேசை ஒன்று உண்டு. பெட்டியை இழுத்தால் உள்ளே மூன்று ஸ்தாயி நீளமுள்ள சிறிய பியானோக் கட்டைகள். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் ஸ்வரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதற்காகப் பொசென்டார்ஃபர் நிறுவனம் செய்துகொடுத்தது.

வைமாரில் கோடைக்காலங்களில் நடந்த அவருடைய வகுப்புகள் பிற்கால ஆசிரியர்கள் அனைவருக்கும் முன்மாதிரி. மாணவர்கள் தாங்கள் வாசிக்க விரும்பும் இசைத்தாள்களைப் பியானோவின் மேல் அடுக்கிவைப்பார்கள். லிஸ்ட் வந்து ஒன்றை எடுப்பார். உரியவர் அமர்ந்து வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். விரல் பயிற்சியைப் பற்றி அவர் பேசுவதில்லை. அழுக்குத் துணியை வீட்டிலேயே துவைத்துவிட்டு வாருங்கள் என்பார். இசை என்ன சொல்கிறது என்பது மட்டுமே வகுப்பின் பேச்சு. ஒருவரிடமும் கட்டணம் வாங்கவில்லை. நார்வேயிலிருந்து வந்த இளம் கிரீக், இசைக்குழுவுடன் சேர்ந்து பியானோ வாசிப்பதற்கான தன் கான்செர்ட்டோவின் கைப்பிரதியை 1870இல் ரோமில் அவரிடம் காட்டியபோது, அதை அங்கேயே முதல் பார்வையில் வாசித்துக்காட்டி, இந்த வழியிலேயே தொடர்ந்து செல்லுங்கள், யாரும் உங்களை அச்சுறுத்த விடாதீர்கள் என்று ஊக்கினார். ஸ்மெட்டனா, போரடின், சான்-சான்ஸ் என்று இந்த வரிசை நீளம். சான்-சான்ஸின் ‘சாம்சனும் தெலீலாளும்’ ஓபராவை அவர் நாடான பிரான்ஸ் ஏற்கத் தயங்கியபோது, 1877இல் அது முதலில் மேடையேறியது லிஸ்டின் முயற்சியால் வைமாரில்தான்.

அந்த முதுமைக் காலத்தில் அவர் எழுதிய இசைக்கு இப்போது வருகிறேன். 1881 ஜூலையில் வைமார் வீட்டின் படிகளில் விழுந்தார். அதன்பின் கால் வீக்கம், கண்புரை, தூக்கமின்மை. அந்த ஆண்டில்தான் ‘சாம்பல் மேகங்கள்’ என்னும் இரண்டு பக்கப் பியானோப் படைப்பு. மொத்தம் 48 தாளக்கட்டுகள். ஓரளவு பியானோ கற்ற சிறுவர்களும் வாசித்துவிடக்கூடிய அளவுக்குக் குறைவான ஸ்வரங்கள். வலக்கை தயங்கித் தயங்கி ஒரு சிறு வரியைச் சொல்கிறது; இடக்கை மந்தத்தில் நடுங்குகிறது; இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். பிற்பகுதியில் வலக்கை அரைச் சுரம் அரைச் சுரமாக மேலேறுகிறது. ஆதார ஸ்வரத்தை அடையும் வேளையில், அடியில் இருக்கும் சுருதிக் கோவை அதற்கு இடங்கொடுக்காமல் நிற்கிறது. அப்படியே முடிந்துவிடுகிறது.

1882 இறுதியில் வெனிஸில் மகள் கோசிமாவுடனும் மருமகன் வாக்னருடனும் வென்ட்ராமின் மாளிகையில் தங்கியிருந்தார். கால்வாயில் இறந்தவர்களைச் சுமந்துசெல்லும் படகுகளைப் பார்த்து ‘துயரப் படகு’ எழுதினார். சில வாரங்களில், 1883 பிப்ரவரியில், வாக்னரின் உடலே அப்படி ஒரு படகில் சென்றது. லிஸ்டின் இந்தப் புதிய படைப்புகளை முளைவிடும் பித்து என்று வாக்னர் சொன்னதைக் கோசிமாவின் நாட்குறிப்பு பதிந்துவைத்திருக்கிறது. பதிப்பாளர்களும் ஏறக்குறைய அவ்வாறே எண்ணினார்கள். சிலுவைப் பாதையின் 14 நிலைகளுக்கு லிஸ்ட் இயற்றிய வியா குரூசிஸ் 1879இல் முடிந்தது. யாருக்கு அனுப்பினாரோ அந்தப் பதிப்பாளர் அதைத் திருப்பியனுப்பினார். அது முதன்முதலாகப் பாடப்பட்டது 1929இல், புடாபெஸ்டில், ஒரு பெரிய வெள்ளியன்று. 1885இல் எழுதிய ‘ஆதார சுருதியற்ற பாகடெல்’ என்னும் சிறு பியானோப் படைப்பு அச்சேறியது 1956இல். தன் ஈட்டியை எதிர்காலத்தின் எல்லையற்ற வெளிக்குள் எறிவதே தன் ஒரே ஆசை என்று அவர் சொல்லியிருந்தார். அது எங்கே போய் விழுந்தது என்று காண அவரோ அவர் தலைமுறையினரோ இருக்கவில்லை. டெபுஸியும் ராவெலும் நீரோசைகளை எழுதும்முன், 1877இல், ‘வில்லா டி எஸ்தெயின் நீரூற்றுகள்’ வந்துவிட்டது. ஷ்யோன்பெர்க் ஆதார சுருதியைக் கைவிடுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே பாகடெல் வந்துவிட்டது.

1886 ஜூலையில், வாக்னரின் ஓபராக்களுக்கென நடக்கும், ஆனால் வாக்னர் இல்லாத பைரோய்ட் விழாவுக்குத் தந்தை வந்தால் கூட்டம் வரும் என்று கோசிமா அழைத்தார். கடும் இருமலுடன் வந்தார். ஜூலை 25 அன்று வாக்னரின் டிரிஸ்டன் ஓபரா நிகழ்ச்சியில் அமர்ந்திருந்தார். ஜூலை 31 இரவு நிமோனியாவால் இறந்தார். விழா வேலைகளுக்கு நடுவே அவர் எவ்வளவு கவனிப்பாரின்றிக் கிடந்தார் என்பதை மாணவி லீனா ஷ்மால்ஹௌசன் எழுதிவைத்திருக்கிறார். படிக்கக் கடினமான குறிப்புகள் அவை. அடக்கத்துக்கு மறுநாள் இரங்கல் திருப்பலியில் ஆர்கன் வாசித்த புரூக்னர், வாக்னரின் பார்சிஃபலில் இருந்து எடுத்த வரிகளை விரித்து வாசித்தார். லிஸ்டின் இசை ஒலிக்கவில்லை. வைமாரும் புடாபெஸ்டும் உடலைக் கேட்டன. கல்லறை இன்றும் பைரோய்ட்டில்தான் இருக்கிறது.

ஹங்கேரி அவரைத் திரும்பப் பெற்றது வேறு வழியில். புடாபெஸ்டில் அவரிடம் கற்ற இஷ்த்வான் தோமான், அதே கழகத்தில் ஆசிரியரானார். அவரிடம் பியானோ கற்றவர்களில் ஒருவர் பேலா பார்டோக். கிராமம் கிராமமாகச் சென்று உழவர்களின் பாடல்களைத் திரட்டி, ஹங்கேரிய இசையைப் பற்றிய லிஸ்டின் கருத்தைச் சான்றுகளோடு மறுத்தவர் பார்டோக். அவரேதான் 1936இல் ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் ஏற்புரை நிகழ்த்தியபோது லிஸ்டைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, பின்வந்த இசைக்கு வாக்னரைவிட லிஸ்டே அதிகம் தந்தவர் என்று வாதிட்டார். ஆசானின் ஆசானை மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்து, வணங்க வேண்டிய இடத்தில் வணங்கிய அந்த உரையை நான் மிகவும் மதிக்கிறேன்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். லெஸ்லி ஹோவர்ட் ஒருவரே வாசித்துப் பதிவுசெய்த முழுத்தொகுப்பு 99 குறுந்தகடுகள்; அதில் நேரடியாக இறங்கினால் மூச்சுத் திணறும். ராப்சொடிகளை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஃப்யூனெராயில் தொடங்கி, நீரூற்றுகளுக்குச் சென்று, பிறகு சொனாட்டாவை ஒரே அமர்வில் கேளுங்கள். ‘சாம்பல் மேகங்கள்’ அதன் பின் வரட்டும். முன்பே கேட்டால் அதில் எத்தனை நீக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. அவர் வாசிப்பு எதுவும் பதிவாகவில்லை. மாணவர்களின் பதிவுகள் இருக்கின்றன. அவருடைய இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களையும் எமில் ஃபான் சவ்வர் வாசிக்க, ஃபெலிக்ஸ் வைன்கார்ட்னர் இசைக்குழுவை நடத்தும் 1930களின் இறுதிப் பதிவு ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. இருவருமே இளவயதில் வைமார் வகுப்பில் இருந்தவர்கள். பதிவின்போது இருவருக்கும் எழுபதுக்கு மேல். இன்றைய இளம் வித்வான்களின் பாதி வேகம்கூட சவ்வரிடம் இல்லை. முதல் கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியில் ஒவ்வொரு வரியையும் பாட்டு சொல்லிக்கொடுப்பவர் போல நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறார். அந்த இடத்தை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.